கரட்டுப் பண்ணைக்காரருங்க

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொள்ளும் என்று தெரிந்த நாளில்தான் எனக்கு இந்த வேலையின் மேல் ஆசையே வந்தது. அதுவரை அவை என் கண்ணுக்கு இணையம் கொண்டுவரும், விளக்கு மினுக்கும் டப்பாக்கள், அவ்வளவுதான். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியிடம், நான் இன்னார், இங்கேதான் இருக்கிறேன் என்று பெயரோடு சொல்லும். பக்கத்துப் பெட்டி அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லும். கொஞ்ச நேரம் வணக்கம் வராவிட்டால், அந்தப் பெட்டி இல்லாமல் போய்விட்டது என்று முடிவு செய்து, அதன் வழியாகப் போகிற பாதைகளையெல்லாம் அழித்துவிடும். மனிதர்களிடம் இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்.

எருமப்பட்டியில் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். சித்திரை மதியங்களில் ஜன்னல் வழியே பார்த்தால் கொல்லிமலை இருக்கும், இருக்காது. காந்தலில் கரைந்து போய், மேகம் ஒன்று மேலே வந்ததும் மறுபடி நீலமாகத் தெரியும். மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எனக்குக் கண் சொருகும். சோளக்காட்டுக்கு மேலும், வற்றிய கிணறுகளுக்கு மேலும், வேப்பமரத்தில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு மேலும் அந்த வணக்கங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, யார் காதிலும் விழாமல் போய்க்கொண்டே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலை நேரத்தில் கனவு காண்கிறாள் என்று என்னைச் சொல்வார்கள். எழுப்பினால் கடிக்கிறாள் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

பெட்டிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னது எங்கள் முதலாளி. கேபிள் டிவி காலத்திலிருந்து இதே தொழிலில் இருப்பவர், இப்போது சுற்றுவட்ட ஊர்களுக்கு இணையம் கொடுக்கிறார். முதலில் பெட்டிகளுக்கு இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாகத்தான் பெயர் இருந்தது. ஒரு பெட்டி கெட்டால் லைன்மேன் அண்ணன் இன்னொரு பெட்டியின் கம்பத்தில் ஏறி நிற்பார். "மனுசன் கூப்படற பேர வைங்க சாமி" என்று முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். பால் சொசைட்டி, தீவன மில்லு, வடக்கு வளவு என்று எல்லாவற்றுக்கும் பெயர் மாறியது. பாதை சொல்லும் மென்பொருளும் முகம் சுளிக்கவில்லை. எங்கோ எந்த ஊரிலோ யார் யாரோ சேர்ந்து எழுதி, உலகத்துக்கே இனாமாகக் கொடுத்த மென்பொருள் அது. அது எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

லைன்மேன் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாயைத் திறந்தால் ‘ங்க’. முதலாளிக்கும் ங்க, தன் வயதில் பாதியான எனக்கும் ங்க. கம்பத்தடியில் படுத்திருக்கும் நாயையும் "கொஞ்சம் அந்தப்பக்கம் போங்க" என்பார். நாயும் போகும்.

என் அக்காவுக்கு இந்த ங்க எதுவும் தெரியாது. அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கை. அம்மா அப்பாவுக்கு அரைகுறையாகத்தான் வந்தது, எனக்குப் பல் முளைக்கும் முன்பே வந்துவிட்டது என்பார்கள். கரண்டு போனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் விரலை வைத்துப் பேசிக்கொள்வோம். இருட்டில் உள்ளங்கைக்கு வரும் சொல் காதுக்கு வருவதைவிட நெருக்கமாக இருக்கும். இன்றும் தூக்கக் கலக்கத்தில் யாராவது என் கையைத் தொட்டால், என்னமோ சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா ரிக்கு வண்டிக்காரர். போர்வெல் போடும் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலம் பிறந்தால்தான் ஊர் திரும்புவார். காது கேட்கிறவர், கல்யாணத்துக்கு முன்பு கைப்பேச்சு தெரியாதவர். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் அக்காவைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மோவாயில் ஒரு மச்சம் உண்டு. கிளம்பும்போது வாசலில் நின்று, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தன் மோவாயில் இரண்டு தரம் தட்டி, அவளைச் சுட்டிக் காட்டினார். நீ இது, உன் பெயர் இது என்று. அதுவரை வீட்டில் அவளுக்குப் பெயர் பின்னலைப் பிடித்து இழுப்பதுதான். அன்றைக்கு ராத்திரி அவள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் மோவாயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். கல்யாணம் முடிவானது அப்போதுதான் என்பது என் கணக்கு. பெரியவர்கள் வெற்றிலை மாற்றியதெல்லாம் அதற்குப் பிறகு நடந்த சடங்கு.

அவர்கள் வீடு ஊருக்குக் கிழக்கே, கரட்டடியில் இருக்கிறது. கரடு என்கிற அந்தப் பாறைக்குன்று மறைப்பதால் அங்கே செல்போன் சரியாக எடுக்காது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் பேச்சு மட்டும் கேட்கும், வீடியோ வராது. அதனாலேயே முதலாளியிடம் சண்டை போட்டு அந்தப் பக்கம் லைன் இழுக்க வைத்தேன். கரட்டு மேல் இருக்கும் கோழிப்பண்ணையில் ஒரு பெட்டி, அங்கிருந்து அக்கா வீட்டுக்கு ஒரு கம்பி. சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் அவள் கூடத்தில் சுவரோரமாக உட்காருவாள். போன் வெளிச்சம் மினுக்கும். எடுத்தால் மாமாவின் கை. முகம் அப்புறம்தான். தூசி படிந்த கையைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்து முதலில் அவள் பெயரைச் சொல்வார். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தால் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற வீடு, ஒரு சத்தமும் இருக்காது. பண்ணையில் ஓடும் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கரட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கும். சுவரில் அவள் கைகளின் நிழல் பேசும். நான் தூங்கிப் போவதும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் சித்திரைத் தொடக்கத்தில் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை வந்தது. வணக்கத்தோடு வரும் பெயரை எழுதிக்கொள்ள நினைவகத்தில் அளவாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வருகிற பெயர் அந்த இடத்துக்குள் அடங்குமா என்று மட்டும் அளந்து பார்க்க மறந்துவிட்டார்கள். பெயர் நீளமாக வந்தால் இடம் நிரம்பி, பாத்தியில் விட்ட தண்ணீர் வரப்பைத் தாண்டுகிற மாதிரி அடுத்த இடத்துக்குள் போய்விடும். அடுத்த இடத்தில் இருப்பது பாதைகளின் குறிப்பு. அது அழிந்தால் மென்பொருள் நின்றுவிடும். அதைவிட மோசமும் நடக்கலாம். கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருவன், வழிகிற பகுதியில் தன் கட்டளையை வைத்து ஒரு நீளப் பெயரை அனுப்பினால், பெட்டி அவன் சொன்னபடி ஆடும். திருத்தம் தயார், உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

படித்ததிலிருந்து எனக்கு அந்த நீளப் பெயர்க்காரன் கனவில் வர ஆரம்பித்தான். கடலுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, முடிவே இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பான். நான் காதைப் பொத்துவேன். திருத்தம் போட வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். "பண்ணக்காரங்க கேமரா நின்னுபோகும் சாமி, ஒவ்வொண்ணாப் பண்ணுங்க, அவங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் பண்ணுங்க" என்றார் முதலாளி. மேற்குப் பக்கம் முடித்துவிட்டோம். கிழக்கு மிச்சம் இருந்தது.

அப்போது அக்கா மாசமாக இருந்தாள். ஒருமுறை கலைந்துபோய், பல வருடம் கழித்துத் தங்கியது. எழுந்து நடமாடக் கூடாது, வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டிலோடு கட்டிலாகப் படுத்து, சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமா என் போனுக்குக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"சாமி, பதறாத. பைப்பு மாத்தறப்பக் கையில அடி. ஆஸ்பத்திரியிலதான் இருக்கறன். அக்காகிட்டப் பக்குவமாச் சொல்லு."

"எந்தக் கையிங்க மாமா? என்ன அடி?"

"ஒண்ணுமில்ல சாமி. சாயங்காலம் நானே அவகிட்டப் பேசறன். அதுக்கு மேல ராய்ப்பூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம். ஆப்பரேசனு. அங்க போனு தர மாட்டாங்க."

ஒண்ணுமில்லாததற்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா? கட்டிய கையை அவரோடு இருந்தவர் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வலது கை. பஞ்சும் துணியுமாக, விரல் எது உள்ளங்கை எது என்று தெரியாத ஒரு வெள்ளை உருண்டை. போட்டிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

பக்குவமாகத்தான் சொன்னேன். மாமாவுக்குச் சின்ன அடி, நன்றாக இருக்கிறார் என்று கையால் சொன்னேன். கை சொன்னதை என் முகம் மறுத்திருக்கும். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்குக் கைப்பேச்சு ஆகாது, அதில் முகமும் சேர்ந்துதான் பேசும். காட்டு, என்றாள். படத்தைக் காட்டினேன். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வெறும் வெள்ளையாகும் வரை பார்த்தாள். விரல் இருக்கிறதா, என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கை எனக்குப் பேசணும், என்றாள். அதற்கு மேல் அவள் கைகள் எதுவும் சொல்லாமல் வயிற்றின் மேல் கிடந்தன. என் அக்கா வாயடைத்துப் போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சாயங்காலம் வரட்டும், அவரே வருவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே சுவரில் இருந்த மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பானது.

கேட்டுக்கு ஓடினேன். போன் அடித்தது. ஆபீஸில் என்னோடு வேலை செய்கிற வாழப்பாடிப் பெண். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எதற்கும் பயப்படுகிறவள். "அக்கா, கெழக்கால இருக்கிறது எல்லாம் போச்சு. எழுந்திரிக்குது, உடனே விழுது. மறுபடி எழுந்திரிக்குது, விழுது. என்ன பண்றதுன்னே தெரியலக்கா."

வந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நீளப் பெயர்க்காரன் வந்தேவிட்டான்.

ஆபீஸுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வழியெல்லாம் வெயிலில் தார் ரோடு தண்ணீராய் மினுங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. படியேறியதும் முதல் வேலையாக, சேலத்திலிருந்து எங்களுக்கு வரும் பெரிய லைனைப் பிடுங்கி வெளியுலகத்தை அடைத்தேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மேற்குப் பக்கத்து ஆட்கள் போனில் கத்தினார்கள். கத்தட்டும். திருடன் உள்ளே இருக்கும்போது கதவைத் திறந்து வைப்பார்களா? ஆனால் கிழக்குப் பெட்டிகள் அப்போதும் எழுந்தன, விழுந்தன. கதவைச் சாத்தியும் அவன் உள்ளேயே இருந்தான். வாய்விட்டுத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிறகு உட்கார்ந்து, விழுந்த பெட்டிகள் கடைசியாக எழுதி வைத்த வரிகளைப் படித்தேன். ஒவ்வொன்றும் சாவதற்கு முன்னால் ஒரு வணக்கத்தைத்தான் வாங்கியிருந்தது. வணக்கம் சொன்னவரின் பெயரும் அதில் இருந்தது.

கரட்டுப் பண்ணைக்காரருங

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது, மலை தெரிந்தது. கடலுக்கு அந்தப்பக்கத்துக்காரன் எப்படி எங்கள் ஊர்க் கரட்டின் பெயரைச் சொல்வான்? அப்புறம் கண் அந்தக் கடைசி எழுத்தில் போய் நின்றது. ங. தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் முடியாது. படி இறங்குகிறபோது கடைசிப் படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. இது முடிந்த பெயர் இல்லை, வெட்டுப்பட்ட பெயர். இதற்குப் பிறகு வர வேண்டிய புள்ளியும் ‘க’வும் எங்கே?

"கரட்டுப் பண்ணைப் பெட்டிக்கு இன்னைக்கு யாராவது கை வெச்சீங்களா?"

வாழப்பாடிப் பெண் எழுந்து நின்றாள். முந்தின நாள் ராத்திரி கோடை மழையில் இடி இறங்கி அந்தப் பெட்டி எரிந்துபோனது, மதியம் லைன்மேன் அண்ணன் புதுப்பெட்டி மாட்டினார், என்ன பேர் போடட்டும் என்று போனில் கேட்டு நான்தான் இங்கிருந்து போட்டேன் என்றாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"கரட்டுப் பண்ணைக்காரருங்க அப்படின்னாருக்கா."

"நீ என்ன போட்டே?"

"அவர் சொன்னதத்தான் போட்டேன். ங்க-வ வெட்டினா மரியாதக் கொறச்சலா இருக்குமோன்னு..." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அண்ணன் சொன்ன ‘ங்க’ பண்ணைக்காரருக்கு இல்லை. கேட்ட பெண்ணுக்கு. கேட்கிறவர் சின்னப் பெண்ணானாலும் மொட்டையாகப் பதில் சொல்லக் கூடாது என்று அவர் வைத்த மரியாதை அது. அதை அவள் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டாள். பெயருக்கு ஒதுக்கிய இடம் அறுபத்து நான்கு. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். நம் எழுத்துக்கு மூன்று வேண்டும், கொம்புக்கும் காலுக்கும் மேலே வைக்கிற புள்ளிக்கும்கூடத் தனித்தனியாக மும்மூன்று. பழைய பெட்டியில் இருந்த ‘கரட்டுப் பண்ணைக்காரர்’ மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுபத்தொன்றில் அடங்கியிருந்தது. ‘ங்க’ சேர்ந்ததும் ங வரைக்கும்தான் இடம். புள்ளியும் ‘க’வும் வரப்பைத் தாண்டிப் பாதைகளின் மேல் விழுந்தன. வணக்கம் கேட்டவரெல்லாம் மயங்கி விழுந்தார்கள். எழுந்தார்கள், மறுபடி மரியாதையாக வணக்கம் வந்தது, மறுபடி விழுந்தார்கள்.

பெரிய லைனைத் திரும்பச் செருகினேன். ஆனால் கிழக்கே பாதையே இல்லாததால் அந்தப் பெட்டியை இங்கிருந்து தொட முடியாது. நேரில்தான் போக வேண்டும். சூரியன் தீவன மில்லின் கூரைக்கு இறங்கியிருந்தது. மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினேன். பண்ணைக் கேட்டில் வந்து நில்லுங்கள் என்று லைன்மேன் அண்ணனுக்குச் சொன்னேன்.

கோழிப்பண்ணைக்குள் யாரும் சும்மா போய்விட முடியாது. கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், வண்டியானாலும் காலானாலும் அதில் நனைந்துதான் உள்ளே வர வேண்டும். நான் தாண்டிக் குதித்தேன். பண்ணைக்காரர் விடவில்லை. "நனைச்சுப்போட்டு வாங்க அம்மிணி. உங்க அவசரத்துக்குக் கோழிக்குச் சீக்கு வந்துபோகும்." திரும்பிப் போய்க் காலை நனைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அக்காவின் முகம் கண்ணுக்குள் நின்றது.

பெட்டி தீவன அறைச் சுவரில் இருந்தது. மடிக்கணினியை மாட்டி விஷயத்தைச் சொன்னதும் பண்ணைக்காரருக்குத் தாங்கவில்லை.

"எம்பேருதான் எல்லார்த்தையும் கெடுத்துப்போட்டுதுங்களா?"

"பேரு இல்லீங்க. மரியாதைங்க."

"அதுக்காவ மரியாதைய எடுத்துப்போடுவீங்களா?"

"வாயில எவ்வளவு வேணாலும் சொல்றமுங்க. பொட்டிக்குள்ள மட்டும் வேண்டாமுங்க" என்றார் லைன்மேன் அண்ணன், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் போல. தான் சொன்ன ஒரு ‘ங்க’வால் ஒரு பக்கத்து ஊர்களே இருண்டுபோனதை அவரால் நம்பவே முடியவில்லை.

கடைசி எழுத்துகளை அழித்தேன். ‘ர்’ என்று முடித்தேன். அறையின் தகர ஜன்னலுக்கு வெளியே விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. புதுப்பெட்டி தன் பெயரைச் சொல்லியது. எங்கோ கீழே பால் சொசைட்டிப் பெட்டி அதைக் கேட்டு விழாமல் நின்று, பதில் சொல்லியது. பிறகு தீவன மில்லு. பிறகு வடக்கு வளவு. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நின்றன. விசேஷ வீட்டுக்கு ஆட்கள் வந்து சேர்வதைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு நாளாக இருந்தால் அங்கேயே கனவில் மூழ்கியிருப்பேன்.

கரட்டிலிருந்து இறங்கி அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது போன் வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்கு ஏற்றவில்லை. அக்கா தலையணையில் சாய்ந்து, போனைக் கையில் எடுக்காமல் அந்த மினுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முழுக்க இதற்காகக் காத்திருந்தவளுக்கு, வந்ததும் பயம். நான்தான் எடுத்துப் பிடித்தேன்.

முதல் முறையாக, கைக்கு முன்னால் முகம் வந்தது. பச்சை வண்ணம் அடித்த சுவர், கட்டில், சவரம் செய்யாத மாமா. போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அவர் இடது கையைத் தூக்கி, நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, என்றார். இடது கை அவருக்குப் பழகவில்லை, கொன்னல் போல வந்தது. அக்கா அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. தன் இரண்டு விரலைச் சேர்த்து மோவாயில் தட்டி, அவரைக் காட்டினாள். சொல். என் பெயரைச் சொல்.

மாமா அசையவில்லை. அக்காவுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில், என்னைப் பார்த்து வாயால் பேசினார். "சாமி, ரெண்டு வெரலு போயிருச்சு. அதே ரெண்டு வெரலுதான். எனக்குச் சொல்ல வரல. நீயே அவகிட்டச் சொல்லிப்போடு."

சின்ன வயதிலிருந்து அவளுக்கு வந்த பேச்சையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னவள் நான். அன்றைக்கு என் கை எழவில்லை. இது நான் சொல்கிற சொல் இல்லை என்று மட்டும் தெரிந்தது. "நீங்களே சொல்லுங்க மாமா" என்றேன்.

அந்த வெள்ளை உருண்டை மெல்லத் திரைக்குள் ஏறி வந்தது. வலித்திருக்கும், முகம் சுருங்கியது. அப்படியே கொண்டுபோய்த் தன் மோவாயில் வைத்தார். தட்டவில்லை, வைத்தார். இரண்டு தரம்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பண்ணை விசிறிகளின் சத்தம் இறங்கி வந்து கூடத்தை நிறைத்தது. பிறகு அவள் தன் வலது கையைத் தூக்கி, அது யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள். நடுவிரலை மடக்கினாள். மற்றதும் தானாக மடங்கியது. அந்த மடக்கிய கையை மோவாயில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண்ணாடி முன்னால் அன்றைக்கு நின்ற அதே முகம். சரி, என்று அவருக்குத் தலையாட்டினாள். பிறகு திட்டத் தொடங்கினாள். பைப்பு மாற்றும்போது கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று இரண்டு கையாலும் அவள் திட்டிய திட்டில் போன் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அந்தப்பக்கம் மாமா அழுதுகொண்டே சிரித்தார். நான் போனை அவள் எதிரே சாய்த்து வைத்துவிட்டு, மூலைக்குப் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அந்த வாரமே கிழக்குப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்டு முடித்தோம். இப்போது பெயரை அளந்துதான் வாங்குகின்றன, இடமும் பெரிதாகிவிட்டது. "அக்கா, அந்த ங்க-வத் திருப்பிப் போட்டுடட்டுமா?" என்று வாழப்பாடிப் பெண் கேட்டாள். போடு என்றேன். பண்ணைக்காரருக்கு அது போய்விட்டதில் மனத்தாங்கல் இருந்தது. சித்திரை மதியத்தில் கண் சொருகும்போது இப்போதும் கேட்கிறது, கரட்டுப் பண்ணைக்காரருங்க, கரட்டுப் பண்ணைக்காரருங்க என்று சோளக்காட்டுக்கு மேலே அது சொல்லிக்கொண்டே இருப்பது.

மாமா மறுபடி வடக்கே போகவில்லை. தீவன மில்லில் வேலைக்கு இருக்கிறார். அக்கா மகள் இப்போது நடக்கிறாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கொலுசுச் சத்தத்துக்குத் திரும்புகிறாள். பசி வந்தால் சத்தம் போடாமல் அம்மா கண்ணில் படுகிற இடத்துக்குப் போய் நிற்கிறாள். நின்று, அஞ்சு விரலும் முழுசாக இருக்கிற தன் சின்னக் கையை இறுக மடக்கி மோவாயில் வைத்து அவளைக் கூப்பிடுகிறாள்.